யாருடைய சாவில் லாஜிக் ஓட்டை விழுகிறது?

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் எட்டாவது சீசனில் நான்காவது எபிசோடு 2019 மே 5 அன்று அமெரிக்காவில் ஹெச்.பி.ஓ. அலைவரிசையில் ஒளிபரப்பானது. மறுநாள் உலகெங்கும் செய்தியானது, அதன் விருந்துக் காட்சியில் மேசைமீது தவறுதலாக விடப்பட்டிருந்த ஒரு காபிக் கோப்பை. வாளும் டிராகனும் உலவும் பழங்கால உலகத்துக்குள் இந்தக் காலத்துக் கோப்பை எப்படி வந்தது என்று பார்வையாளர்கள் நகைத்தனர். இரண்டொரு நாட்களில் அந்நிறுவனம் கணினி உதவியுடன் கோப்பையைக் காட்சியிலிருந்து நீக்கிவிட்டது. அதே எபிசோடின் முடிவில், மிசாண்டே என்ற கறுப்பினப் பெண் கதாபாத்திரம் கைகளில் சங்கிலியுடன் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தச் சாவு குறித்து ரசிகர்கள் எழுப்பிய கேள்விகளை நீக்குவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை.

ரசிகர்களின் விவாதங்களில் பொதுவாக இரண்டு கேள்விகள் இருக்கும். 'இது எப்படி நடக்கும்?' என்பது ஒன்று. லாஜிக் ஓட்டை என்று நாம் சொல்வது இதைத்தான். 'இவர் ஏன் சாக வேண்டும்?' என்பது மற்றொன்று. முதலாவது கதைநுட்பம் சார்ந்தது, இரண்டாவது அரசியல் சார்ந்தது என்று பிரித்துவிடுவது வழக்கம். முதல் கேள்வியைக் கேட்பவர் கூர்மையான பார்வையாளர் என்று பாராட்டப்படுகிறார். இரண்டாவதைக் கேட்பவரிடம் 'கதையைக் கதையாகப் பாருங்கள்' என்று சொல்லப்படுகிறது. மிசாண்டேயின் சாவை நெருங்கிப் பார்த்தால் இவ்விரண்டையும் பிரிக்க முடியாது என்பது விளங்கும்.

மிசாண்டேக்கு நேர்ந்தது

நாத் என்ற தீவில் பிறந்தவர் மிசாண்டே. சிறு வயதிலேயே அடிமையாக்கப்பட்டு, பல மொழிகள் கற்று, அடிமை முதலாளி ஒருவரின் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். 2013இல் வெளியான மூன்றாவது சீசனில் அரசி டெனேரிஸ் அவரை விடுவிக்கிறார். அதன்பின் அரசியின் ஆலோசகராகவும் தோழியாகவும் வாழ்கிறார். தொடரின் பெரும்பகுதியில், முதன்மைப் பாத்திரங்களின் வரிசையில் இடம்பெற்ற ஒரே கறுப்பினப் பெண் அவர்தான். எட்டாவது சீசனின் தொடக்கத்தில், போர் முடிந்ததும் நாத் தீவுக்குத் திரும்பலாம் என்று அவரும் காதலர் கிரே வோர்மும் பேசிக்கொள்கிறார்கள்.

நான்காவது எபிசோடில் யூரோனின் கப்பற்படை திடீரெனத் தோன்றித் தாக்குகிறது. டெனேரிஸ் அப்போது டிராகன்மீது வானில் பறந்துகொண்டிருக்கிறார். உயரத்திலிருந்து பார்ப்பவரின் கண்ணுக்கு ஒரு முழுக் கப்பற்படை தெரியாமல் போனது எப்படி? அவருடைய கூட்டாளிகளின் கப்பல்களை ஏழாவது சீசனில் அழித்ததும் இதே படைதான். எபிசோடுக்குப் பிந்தைய விளக்கக் காணொளியில் தொடரின் படைப்பாளர்களுள் ஒருவரான டேவிட் பெனியாஃப், டெனேரிஸ் அந்தக் கப்பற்படையை மறந்துவிட்டார் என்ற பொருளில் ஒரு காரணம் சொன்னார். அது ரசிகர்களிடையே நீங்காத கேலிப் பொருளானது.

அதைவிடப் பெரிய ஓட்டை அடுத்து வருகிறது. தாக்குதலுக்குப் பின் கரையேறியவர்கள் மிசாண்டேயைத் தேடுகிறார்கள். அடுத்து நாம் அவரைக் காணும்போது எதிரி அரசி செர்சியின் பிடியில் சங்கிலியுடன் நிற்கிறார். அவர் எப்படிப் பிடிபட்டார் என்பது காட்டப்படவே இல்லை. எதிர்த்தாரா, தப்ப முயன்றாரா, அவரிடம் என்ன பேசினார்கள் என்பதும் இல்லை. டிராகனை எரிக்கச் சொல்லும் ஒற்றைச் சொல்லோடு அவர் வாழ்வு முடிகிறது. அந்தச் சொல் அடிபணிய மறுத்த ஒருவரின் குரல் என்று சில ரசிகர்கள் வாதிட்டார்கள். அது நியாயமான வாசிப்புதான். ஆனால் அந்த எதிர்ப்பும், அடுத்த எபிசோடில் டெனேரிஸ் நகரத்தையே எரிப்பதற்கான முன்னோட்டமாகவே கதையில் பயன்படுகிறது. அதே எபிசோடில் மிசாண்டேயின் நினைவாக மிஞ்சும் பொருள் எது தெரியுமா? அவர் அடிமையாக இருந்தபோது கழுத்தில் அணிந்திருந்த பட்டை.

எல்லோரும்தானே சாகிறார்கள்?

இந்தத் தொடரில் யார் வேண்டுமானாலும் சாவார்கள், இதில் நிறத்துக்கு என்ன வேலை என்ற மறுப்பு வலுவானது. அதற்குத் தொடரிலிருந்தே விடை தேடுவோம். முதல் சீசனில் நெட் ஸ்டார்க் கொல்லப்படுகிறார். தான் கண்டறிந்த உண்மையை எதிரியிடமே முன்கூட்டிச் சொன்ன அவருடைய நேர்மை அவரை அங்கே கொண்டுசேர்க்கிறது. மூன்றாவது சீசனில் ராப் ஸ்டார்க் கொல்லப்படுகிறார். கொடுத்த திருமண வாக்கை அவர் மீறியதன் விலை அது. இரண்டு சாவுகளும் ரசிகர்களை உலுக்கின. ஆயினும் 'இது எப்படி நடக்கும்?' என்ற கேள்விக்குக் கதையிலேயே பதில் இருந்தது. அவர்கள் தங்கள் முடிவுகளால் செத்தார்கள். மிசாண்டேயின் சாவில் அவருடைய முடிவு எதற்கும் பங்கில்லை. வேறொருவருக்குக் கோபம் வரவேண்டியிருந்தது. அதற்கு ஒரு சாவு தேவைப்பட்டது.

முந்தைய எபிசோடிலும் இதே போக்கைக் காணலாம். இறந்தோரின் படைக்கு எதிரான போரில் டோத்ராக்கி குதிரைவீரர்கள் முதலில் இருளுக்குள் அனுப்பப்படுகிறார்கள். தொலைவில் அவர்களுடைய வாள்களின் தீ ஒவ்வொன்றாக அணைகிறது. மிகச் சிலரே திரும்புகிறார்கள். ஆனால் பின்வரும் எபிசோடுகளில் டோத்ராக்கிகள் பெருங்கூட்டமாக மீண்டும் வருகிறார்கள். இவ்வளவு பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று ரசிகர்கள் கேட்டார்கள். பெயரும் முகமும் கொடுக்கப்படாத மக்களைக் கணக்கு வைத்துக்கொள்ளும் தேவை கதைக்கு இருக்கவில்லை.

அவசரத்தில் குறையும் பங்கு

எட்டாவது சீசனில் ஓட்டைகள் எல்லாப் பக்கமும் இருந்தன என்பது உண்மை. முதல் ஆறு சீசன்களுக்கும் தலா 10 எபிசோடுகள் இருந்தன. கடைசி சீசனுக்கு 6 மட்டுமே. வெள்ளையினப் பாத்திரங்களின் கதைகளும் அவசரமாகவே முடிக்கப்பட்டன. ஆனால் நேரம் போதாதபோது யாருடைய பங்கு முதலில் வெட்டப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அரசிகளின் சினத்துக்கும் துயரத்துக்கும் காட்சிகள் கிடைத்தன. பிடிபட்டவரின் அச்சத்துக்கு ஒரு காட்சிகூடக் கிடைக்கவில்லை. அந்த சீசனின் ஆறு எபிசோடுகளையும் எழுதியவர்கள் நான்கு ஆண்கள். அவர்களில் கறுப்பினத்தவர் எவரும் இல்லை.

எழுதியவர்களுக்கு இனவெறி இருந்தது என்று இதனால் நிறுவிவிட முடியுமா? முடியாது, அதை நிறுவ வேண்டிய தேவையும் இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971இல் கிரிக்ஸ் எதிர் டியூக் பவர் வழக்கில், பள்ளிச் சான்றிதழும் தேர்வுகளும் வேலைக்குத் தொடர்பின்றிக் கறுப்பினத் தொழிலாளர்களை விலக்கியதை ஆராய்ந்தது. நல்ல நோக்கம் என்ற வாதம் போதாது, நடைமுறையின் விளைவைப் பார்க்க வேண்டும் என்றது. கதைகளை நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்பது என் வாதமன்று. ஒருவரின் மனத்தைத் துருவாமல் விளைவுகளின் வரிசையைப் பார்க்கும் அந்த முறையை விமர்சனத்திலும் கைக்கொள்ளலாம் என்கிறேன்.

அப்படி வரிசையைப் பார்த்த ரசிகர்களால் மாற்றம் நிகழ்ந்ததுண்டு. 2016 மார்ச்சில் 'தி ஹண்ட்ரட்' தொடரில் லெக்ஸா என்ற தன்பால் ஈர்ப்புள்ள பெண் தலைவர், காதல் கைகூடிய உடனேயே வேறொருவருக்குக் குறிவைத்த குண்டு பாய்ந்து சாகிறார். அந்த நடிகைக்கு வேறொரு தொடரில் ஒப்பந்தம் இருந்தது என்ற நடைமுறைக் காரணமும் உண்டு. ரசிகர்கள் அத்துடன் நிற்கவில்லை. இத்தகைய பெண்கள் தொலைக்காட்சியில் தொடர்ந்து இப்படியே கொல்லப்படுவதைப் பட்டியலிட்டார்கள். பால்புதுமை இளைஞர்களின் தற்கொலைத் தடுப்புப் பணிக்கு நிதி திரட்டினார்கள். தொடரின் தலைமை எழுத்தாளர் எழுத்துமூலம் வருத்தம் தெரிவித்தார். மாறாக, 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கடைசி சீசனை மீண்டும் எடுக்கக் கோரிய மனுவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டும் எதுவும் மாறவில்லை.

ஒரு தொடரையோ திரைப்படத்தையோ விவாதிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இந்தச் சாவு அந்தப் பாத்திரத்தின் முடிவுகளிலிருந்து வருகிறதா, வேறொருவரின் தேவையிலிருந்து வருகிறதா? கதையின் விதிகள் இவருக்காக மட்டும் தளர்த்தப்பட்டனவா? இறந்த பின் இவருக்காக எவ்வளவு நேரம் துக்கம் காக்கப்படுகிறது? பதில்களை ஒரு தொடரோடு நிறுத்தாமல், பத்துத் தொடர்களுக்கு எழுதி வைத்துப் பாருங்கள். 'கதையைக் கதையாகப் பாருங்கள்' என்று சொல்பவரிடம் அந்தப் பட்டியலைக் காட்டி அதன்பின் பேசலாம்.