விமானம் ஏறும் முன் ஒரு சிறுவனுக்குத் தெரிய வேண்டியவை

என் மகள்வழிப் பேரனுக்கு வயது ஆறு. திருப்பூரில் நிட்டிங் இயந்திரங்கள் வரிசையாக ஓடும் கூடத்தில் அவனால் ஒரு மணி நேரம் அமைதியாக அமர்ந்திருக்க முடியும். நூல் தீர்ந்த வெற்றுக் கோன் ஒன்றைக் கையில் உருட்டியபடி, சுழலும் துணியையே பார்த்துக்கொண்டிருப்பான். ஆனால், வீட்டில் யாரேனும் சொல்லாமல் மிக்சியை ஓட்டிவிட்டால், காதுகளைப் பொத்திக்கொண்டு சுவரோரம் சுருண்டுவிடுவான். முதல் ஒலிதான் உரத்தது. ஆயினும் அது மாறாதது. அடுத்த நொடியிலும் அப்படியேதான் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். இரண்டாவது ஒலி எப்போது வரும், எப்போது நிற்கும் என்று அவனுக்குத் தெரியாது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

அவனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. தமிழில் இதை மதியிறுக்கம் என்பர். அரசு ஆவணங்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்ற தொடரும் உண்டு. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. புற உலகம் அவனுக்குள் நம்மைவிடக் கூடுதலாகவே நுழைகிறது என்பதுதான் நான் கண்டது. பனியனின் கழுத்தில் தைத்த லேபிள்கூட அவனுக்கு முள். 1943-ஆம் ஆண்டு லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இந்நிலையைத் தனியாக அடையாளப்படுத்தியது. மாற்றத்தை ஏற்க முடியாமல் தவிக்கும் இயல்பை அவர் அப்போதே குறித்திருந்தார்.

மாற்றத்தை ஏற்க இயலாத குழந்தைக்கு விமான நிலையத்தைவிடக் கடினமான இடம் இருக்க முடியாது. கடந்த ஆண்டு அதை நேரில் அறிந்தோம். என் மருமகன் பணியின் பொருட்டு வட மாநிலம் ஒன்றில் இருக்கிறார். அங்கே சென்றிருந்த என் மகளும் பேரனும் ஊர் திரும்பும்போது, பெருநகர விமான நிலையம் ஒன்றின் பாதுகாப்புச் சோதனையில் அவன் கையிலிருந்த கோனை வாங்கித் தட்டில் வைத்தார்கள். தட்டு இருட்டுப் பெட்டிக்குள் சென்று மறைந்தது. அவன் தரையில் விழுந்து அலறினான். அரை மணி நேரத்தில் தணிந்தும்விட்டான். ஆனால், விமானத்தின் வாயிலில் நின்ற ஊழியர், "மற்ற பயணிகளுக்கு இடையூறாக இருக்கும், மருத்துவரின் சான்று இருக்கிறதா?" என்று கேட்டார். பேச்சு முடிவதற்குள் கதவு மூடப்பட்டது. இரண்டு இரவுகள் ரயிலில் பயணித்து இருவரும் வந்து சேர்ந்தார்கள். நிறுவனத்தின் பெயரை எழுதி என்ன பயன்? அந்த ஊழியருக்கு விதி தெரிந்திருக்கவில்லை. எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதுதான் கூடுதல் வருத்தம்.

விதி தெளிவாகவே இருக்கிறது. 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 2016-இல் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. ஆட்டிசம் அவற்றுள் ஒன்று. விமானப் பயணத்துக்கு சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் தனி விதிமுறையே வகுத்திருக்கிறது. அதை உயிர்ப்பித்தவை இரண்டு நிகழ்வுகள். 2012-இல் கொல்கத்தாவில், மூளை முடக்குவாதம் கொண்ட செயற்பாட்டாளர் ஜீஜா கோஷ், ஏறி அமர்ந்த பிறகு ஸ்பைஸ்ஜெட் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2016 மே மாதத்தில், அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்தது 2022 மே 7. ராஞ்சி நிலையத்தில் சிறப்புத் தேவையுள்ள சிறுவன் ஒருவன் பதற்றமாக இருந்ததைக் காரணம் காட்டி, இண்டிகோ நிறுவனம் அவனை ஹைதராபாத் விமானத்தில் ஏற்ற மறுத்தது; பெற்றோரும் அவனோடு நின்றுவிட்டனர். பரிவுடன் அணுகியிருந்தால் சிறுவன் அமைதியடைந்திருப்பான் என்று கூறி, இயக்குநரகம் ஐந்து லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அவ்வாண்டு ஜூலையில் விதியும் திருத்தப்பட்டது. குறைபாட்டைக் காரணம் காட்டி ஒருவரை ஏற்ற மறுக்கக் கூடாது. பறக்கும்போது அவர் உடல்நிலை மோசமாகக்கூடும் என்று நிறுவனம் கருதினால், மருத்துவர் ஒருவர் அவரை நேரில் பரிசோதித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். வாயிலில் நிற்கும் ஊழியர் தாமாக முடிவெடுக்க இடமில்லை.

இரண்டாம் பயணத்துக்கு மூன்று மாதங்கள் ஆயத்தமானோம். நாங்கள் இருப்பது அமராவதி நகரில். அணையும் சைனிக் பள்ளியும் முதலைப் பண்ணையும் உள்ள அமைதியான ஊர். கோவை விமான நிலையம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். முன்கூட்டியே இரண்டு முறை வாடகைக் காரில் சென்று வந்தோம். முதல் முறை வாகன நிறுத்தத்திலேயே இருந்துவிட்டுத் திரும்பினோம். அடுத்த முறை முகப்பு வரை நடந்து, கண்ணாடிக் கதவுகளைப் பார்த்துவிட்டு வந்தோம். இதற்காகச் செலவிட்ட காசைக் கேட்டு என் நண்பர் ஒருவர் சிரித்தார். தவறவிட்ட முந்தைய பயணச்சீட்டின் விலையைச் சொன்னதும் நிறுத்திக்கொண்டார்.

ஒத்திகை என்பது எங்கள் கண்டுபிடிப்பன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2011-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், ஆட்டிசம் உள்ள குழந்தைகள் நிலையத்துக்குள் வந்து, வரிசையில் நின்று, சோதனையைக் கடந்து, நிற்கும் விமானத்தில் ஏறி அமர்ந்து, பறக்காமலேயே இறங்கி வீடு திரும்புகிறார்கள். நம் ஊரில் அந்த வாய்ப்பு எளிதில் கிடைக்காது. எனவே, வீட்டையே நிலையமாக்கினோம். இருபுறமும் திறந்த பெரிய அட்டைப் பெட்டியில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, கோனைத் தட்டில் வைத்து ஒரு முனையில் தள்ளுவோம். மறுமுனையில் அவன் எடுத்துக்கொள்வான். முதல் நாள் அழுதான். பத்தாம் நாள் என் மூக்குக் கண்ணாடி, செருப்பு, தேங்காய் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் சென்று திரும்பின. உள்ளே போவது வெளியே வரும் என்பதை அவன் நம்பத் தொடங்கியபோது பாதி வேலை முடிந்தது. உடலைச் சோதிக்கும் கைக்கருவிக்கு ஒலி எழுப்பும் பொம்மை ஒன்று பயன்பட்டது.

என் மகள் ஒரு படப் புத்தகமும் செய்தாள். கார், கதவு, வரிசை, தட்டு, பேருந்து, படி, இருக்கை என ஒரு பக்கத்துக்கு ஒரு படம், ஒரு சிறு வாக்கியம். இம்முறையை 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே. இதில் ஒரு நுட்பம் உண்டு. 'அழக் கூடாது' என்று எழுதக் கூடாது. 'அந்த மாமா கருவியைச் சட்டைமேல் காட்டுவார்; அது கீச் என்று ஒலிக்கும்; பிறகு நின்றுவிடும்' என்று நடப்பதை மட்டுமே எழுத வேண்டும். நடவாத ஒன்றை உறுதியளிக்கவும் கூடாது. 'விமானம் பத்து மணிக்குப் புறப்படும்' என்பது இந்நாட்டில் துணிச்சலான வாக்கியம். 'காத்திருக்கிறோம்' என்று ஒரு தனி அட்டை செய்தோம். அதிகம் பயன்பட்டது அதுதான்.

பயணத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். வளர்ச்சிசார் குறைபாடுள்ள பயணிக்கு 'டி.பி.என்.ஏ.' என்ற குறியீடு உண்டு. அதைப் பதிவு செய்யும்படி பெயர் சொல்லியே கேட்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கர நாற்காலி ஒன்று வந்து நிற்கும். பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு, ஒரே பதிவில் பயணிக்கும் பெற்றோருள் ஒருவர் அருகிலாவது இருக்கை தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் இயக்குநரகம் அறிவுறுத்தியிருக்கிறது.

முதலில் ஏற அனுமதிப்பதை நிறுவனங்கள் பெரிய சலுகையாகக் கருதுகின்றன. எங்களுக்கு அது பொருந்தவில்லை. முதலில் ஏறுபவன்தான் அடைத்த கூட்டுக்குள் அதிக நேரம் இருக்கிறான். நான் பைகளோடு முதலில் ஏறினேன்; மகளும் பேரனும் கடைசியாக ஏறினார்கள். லேபிள் இல்லாத பழைய பனியன், ஒலியைத் தடுக்கும் காது மூடி, கோன், இவை போதுமானவையாக இருந்தன. காதுவலி பெரும்பாலும் வருவது விமானம் இறங்கும்போது. விழுங்கும்போது காதினுள் அழுத்தம் சமனாகும். தூக்கத்தில் விழுங்குவது குறைவு. ஆகவே, இறங்கும் முன் அவனை எழுப்பி, சிறிது சிறிதாகத் தண்ணீர் குடிக்கச் செய்தோம். தூக்க மருந்து கொடுத்துவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். சில குழந்தைகளுக்கு அது நேர்மாறாக வேலை செய்து துள்ள வைக்கும். மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

நான் கற்பித்த பாடத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். 1970-இல் ஜார்ஜ் ஏகர்லாஃப் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தையே குலைந்துபோகும் என்பது அதன் சாரம். வரிசையில் அலறும் சிறுவனைப் பற்றித் தாய்க்குத் தெரிந்தது பின்னால் நிற்பவருக்குத் தெரியாது. அவர் காண்பது 'வளர்ப்பு சரியில்லாத பிள்ளை'. இந்த இடைவெளியை நிரப்பவே, லண்டனின் கேட்விக் விமான நிலையம் 2016-இல் பச்சை நிறத்தில் சூரியகாந்திப் பூக்கள் அச்சிட்ட கழுத்துப்பட்டியை அறிமுகப்படுத்தியது. அணிந்திருப்பவருக்குக் கண்ணுக்குத் தெரியாத குறைபாடு உண்டு, சற்றுப் பொறுமை தேவை என்பது அதன் பொருள். பெங்களூரு நிலையத்திலும் இது வழக்கத்துக்கு வந்துவிட்டது. ஒலியும் ஒளியும் தணிந்த தனி அறையும் அங்கே உண்டு. இத்தகைய பட்டியைத் திருப்பூரில் ஒரு நாளில் பல்லாயிரம் நெய்துவிட முடியும். அதைக் கண்டதும் என்ன செய்ய வேண்டும் என்று ஊழியருக்குக் கற்பிப்பதுதான் செலவு பிடிக்கும் பகுதி. கோவை நிலைய விரிவாக்கம் பேசப்படும் இவ்வேளையில், வரைபடத்தில் ஓர் அமைதி அறைக்கு இடம் விடுவது எளிது. கட்டி முடித்த பின் சுவரை இடிப்பது கடினம்.

எங்கள் இரண்டாம் பயணம் ஏறக்குறைய நன்றாகவே முடிந்தது. தட்டு உள்ளே சென்றபோது மறுமுனைக்கு ஓடிப்போய் நின்றான். "அப்புச்சி, வருது" என்றான். ஒரே ஓர் இடத்தில்தான் நாங்கள் தவறினோம். தரையிறங்கியதும் மணி ஒலித்தது, எல்லோரும் எழுந்தார்கள், அவனும் எழுந்தான். கதவு திறக்கவில்லை. எழுந்த பிறகு எதற்கு நிற்க வேண்டும் என்று அவனுக்கு விளங்கவில்லை. கால் மணி நேரம் அழுதான். வரும் மே மாதப் பயணத்துக்காக என் மகள் புத்தகத்தில் ஒரு பக்கம் சேர்த்திருக்கிறாள். எல்லோரும் நின்றுகொண்டிருக்க, ஒரு சிறுவன் மட்டும் இருக்கையில் அமர்ந்து கோனை உருட்டிக்கொண்டிருக்கும் படம் அது.