கணினித் திரையும் அதற்குரிய வடமும்

இலக்கணமும் இலக்கியமும் கற்கப் புகுந்த யாம் மின்வடங்களைப் பற்றி எழுத முன்வந்தமை கண்டு எம் வகுப்புத் தோழர் நகைத்தனர். நகைத்தற்கு இடமுண்டென்பதை யாமும் ஒப்புகின்றோம். ஆயினும், சென்ற கோடை விடுமுறையில் இளம்பிள்ளையில் யாம் நேரிற் கண்டதொன்று, இப்பொருளை அறியாதார் கைப்பொருள் வீணாதலை எமக்கு உணர்த்திற்று. அதனாற் பிறந்ததே இக்கட்டுரை.

இளம்பிள்ளை சேலத்தை அடுத்துள்ள நெசவூர் என்பதைச் சேலத்தார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஆங்கு எம் நண்பரொருவரின் தந்தையார் சேலைகளுக்கு டிசைன் வரைந்து கொடுக்கும் தொழிலுடையார். முற்காலத்தில் இத்தொழிலைச் செய்வோர் கட்டமிட்ட தாளில் ஒவ்வொரு கட்டத்திற்கும் வண்ணம் தீட்டி, அதனைப் பார்த்து ஜக்கார்டு அட்டைகளிற் துளையிடுவர். பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு என்பார் 1804-ஆம் ஆண்டிற் செய்தளித்த பொறியின் வழிவந்த முறை அது. இன்று அக்கட்டங்கள் கணினித் திரைக்கு வந்துவிட்டன. பாவு நூலொன்றும் ஊடை நூலொன்றும் சந்திக்கும் இடம் ஒரு கட்டம்; டிசைனைப் பெரிதாக்காது உள்ளவாறே நோக்கின், ஒரு கட்டம் திரையில் ஒரு புள்ளி.

அப்பெரியவர் சீட்டுப்பணம் எடுத்து, 27 அங்குலத் திரையொன்று வாங்கினார். அதில் அகலத்தில் 3,840 புள்ளிகளும் உயரத்தில் 2,160 புள்ளிகளும் உள்ளன. இதனையே கடைக்காரர் '4கே' என்பர். பழைய கணினியில் அதனைப் பூட்டியதும் சுட்டியானது தத்தித் தத்திச் சென்றது. விற்றவரிடமிருந்து ஓர் இளைஞர் வந்து ஏதோ மாற்றியமைத்தார், தத்தல் நின்றது. ஆனால் அன்றுமுதல் வேறொரு கேடு புகுந்தது. சேலைக் கரையில் ஒன்றுவிட்டொன்றாக நின்ற சிவப்பு நூலும் பச்சை நூலும் தம்முள் மயங்கி, அழுக்கேறிய பழுப்பு நிறமாய்த் தோன்றின. பெரியவர் தாம் வரைந்ததே பிழையென எண்ணி, வண்ணங்களைத் திருத்தத் தலைப்பட்டார். அவ்வாறு திருத்திய டிசைன் தறியேறி, நூலும் ஒருநாட் கூலியும் வீணாயின. விற்றவர், "கணினி பழையதுங்க, புதியது வாங்கினால்தான் சரிப்படும்" என்றனர். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென வைத்திருந்த தொகையிற் கைவைக்க அவர் எண்ணியிருந்த வேளையில் யாம் ஆங்குச் சென்றோம்.

இனிப் பொருளுக்கு வருவோம். திரை தானே படத்தை ஆக்குவதில்லை. கணினி ஒவ்வொரு நொடியும் பல முழுப்படங்களை வடத்தின் வழியே அனுப்புகின்றது. பெரும்பாலும் நொடிக்கு 60. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்கச் சிவப்புக்கு 8, பச்சைக்கு 8, நீலத்துக்கு 8 ஆக 24 பிட்டுகள் வேண்டும். பிட் என்பது சுழி அல்லது ஒன்று என்னும் ஓர் இலக்கமே. 1,920-க்கு 1,080 புள்ளிகளுள்ள பழைய திரைக்கு இக்கணக்கின்படி நொடியொன்றுக்கு ஏறத்தாழ 299 கோடி பிட்டுகள் செல்லவேண்டும். 4கே திரையிற் புள்ளிகள் 82,94,400. அஃதாவது நான்கு மடங்கு. ஆதலின் 1,194 கோடி பிட்டுகள் வேண்டும்.

வடமோ ஒரு வாய்க்காலை ஒக்கும். மேட்டூரணையில் 120 அடி நீர் நிரம்பி நிற்பினும், ஜேடர்பாளையத்தில் காவிரியினின்று பிரியும் ராஜ வாய்க்கால் தன் அளவிற்குட்பட்டே நீர் கொள்ளும். மோகனூர்ப் பக்கத்து வயல்கள் எவ்வளவு வறண்டு கிடப்பினும் அவ்வளவே பெறும். அவ்வாறே கணினியின் ஆற்றலும் திரையின் நுண்மையும் எத்துணைப் பெரியனவாயினும், இடைநின்ற வழி கொள்ளுமளவே படம் செல்லும். வழியென யாம் கூறுவது வடத்தை மட்டுமன்று. கணினியின் வாயில், வடம், திரையின் வாயில் ஆகிய மூன்றையுமாம். மூன்றனுள் எது குறுகியதோ அதுவே அளவை வகுக்கும்.

எச்டிஎம்ஐ என்னும் வாயிலை எல்லாரும் அறிவர். வடிவில் ஒன்றாகவே தோன்றும் அதனுட் பல தலைமுறைகள் உள்ளன. 2009-இல் வந்த 1.4 என்னும் வகை நொடிக்கு 1,020 கோடி பிட்டுகளும், 2013-இல் வந்த 2.0 வகை 1,800 கோடியும், 2017-இல் வெளியான 2.1 வகை 4,800 கோடியும் கொள்வன. இவ்வெண்களை அப்படியே நம்பிக் கணக்கிடுவார் ஏமாறுவர். நாமக்கல் லாரிக்காரரைக் கேட்டாற் சொல்வர்: எடைமேடையில் ஏறும் எடை முழுதும் சரக்கன்று, வண்டியின் எடையும் அதிற் சேர்ந்ததே. முதலிரு வகைகளிலும் பத்துப் பிட்டுகளுக்கு எட்டே சரக்கு. ஏனைய இரண்டும், செலுத்துவோனும் கொள்வோனும் தாளந்தவறாது ஒத்தியங்கவும், குறிகள் சிதையாது சேரவும் செலவாகின்றன. ஆகவே 1.4 வகைக்குக் கிடைப்பது 816 கோடியே, 2.0 வகைக்கு 1,440 கோடி.

இன்னுமொன்று. பழைய கண்ணாடிக்குழாய்த் திரைகளில் மின்கதிரானது ஒரு வரியை எழுதி முடித்து அடுத்த வரியின் தொடக்கத்திற்கு மீளச் சிறிது நேரம் வேண்டியிருந்தது. குழாய் மறைந்தும் அவ்விடைவெளி மறையவில்லை. எச்டிஎம்ஐ வடத்தில் ஒலி செல்வது அவ்விடைவெளியிலேதான். அதனையுங் கூட்டினால், நொடிக்கு 60 படமாக 4கே செலுத்த வழக்கமான அமைப்பில் ஏறத்தாழ 1,426 கோடி பிட்டுகள் வேண்டும். 2.0 வகையில் இது நெருக்கிப் புகும். 1.4 வகையிற் புகாது. 30 படமாகப் பாதியாக்கினால் 713 கோடியாகிப் புகும். இளம்பிள்ளைப் பெரியவரின் சுட்டி தத்திய காரணம் இதுவே. கணினி தன் வாயிலின் அளவறிந்து, படங்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்திருந்தது.

வந்த இளைஞர் செய்ததுதான் யாது? நொடிக்கு 60 படம் என்பதை அவர் தேர்ந்தார். படங்கள் இரட்டித்தும் வாய்க்கால் அகலவில்லை. ஆதலின் வேறொன்று சுருங்கவேண்டும். சுருங்கியது வண்ணம். மனிதக் கண் ஒளியின் ஏற்றத்தாழ்வை நுணுகியறியும் அளவிற்கு நிறத்தின் நுண்மையை அறிவதில்லை. இதனைப் பயன்படுத்தி, ஒளியளவைப் புள்ளிக்குப் புள்ளி அனுப்பி, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிகளுக்குப் பொதுவாக ஒன்றே அனுப்பும் முறையுண்டு. அதனை 4:2:0 என எழுதுவர். இதனாற் சுமை சரிபாதியாகும். திரைப்படம் காண்பார்க்கு இது குறையன்று. அவர் காணும் படங்களிற் பெரும்பாலானவை முன்னரே அவ்வாறு சுருக்கப்பட்டவை. ஆனால் புள்ளிக்கொரு நூலாக நிற்கும் சேலைக் கரைக்கோ இது நஞ்சாகும். அருகருகே நின்ற சிவப்பும் பச்சையும் ஒரே நிறத்தைப் பங்கிட்டுக்கொள்ளவே, பழுப்புப் பிறந்தது. கோப்பில் இருந்த டிசைன் பிழையற்றது. கண்ணுக்கு வந்து சேர்ந்த படமே பொய். உள்ளதைத் திருத்தப் புகுந்து நல்லதைக் கெடுத்தார் பெரியவர். குறை அவரதன்று.

எம் துறை மாணவர்க்கும் இதனால் இடருண்டு. கருநிறத்தின்மேற் சிவப்பெழுத்தாகத் தமிழை இட்டு இத்தகைய திரையிற் பாருங்கள். மெய்யெழுத்தின் புள்ளியும் ணகர னகரங்களின் சுழிகளும் ஓரங்கரைந்து நிற்கும். வெள்ளைமேற் கருப்பெழுத்தாயின் கேடு தோன்றாது. அங்கே நிறமே இல்லையன்றோ? ஆகவே பலர் இக்குறையுடனே ஆண்டுக்கணக்காகப் பழகியும் அறியாதிருப்பர்.

வடத்தின் நீளமும் ஓர் எல்லையே. விரைந்து மாறும் குறிகள் செம்புக் கம்பியில் நெடுந்தூரம் செல்லச் செல்ல மெலியும்; இரைச்சலும் கூடும். ஒரு வழியின் அலையகலமும் அதிலுள்ள இரைச்சலுமே அதன் கொள்ளளவை வரையறுக்கும் என்பதை ஷானன் என்னும் அறிஞர் 1948-இல் நிறுவினார். 1987-இல் வந்த விஜிஏ வடத்தில் படம் மெல்ல மெல்ல மங்கும். இக்கால வடங்களிலோ முதலில் மின்மினிபோற் புள்ளிகள் தெறிக்கும், பின் திரை இருண்டுவிடும். ஆண்டுவிழா மண்டபங்களில் நீண்ட வடமிட்டுப் படங்காட்ட முயன்று நாணியோர் இதனை அறிவர். அத்தகைய தூரங்கட்கு ஒளியிழை வடமே தக்கது. வடம் வாங்குவோர் உறையிலுள்ள பெயரைப் படித்தல் வேண்டும்: 1,800 கோடிக்கெனச் சோதித்தது 'பிரீமியம் ஹை ஸ்பீடு', 4,800 கோடிக்குரியது 'அல்ட்ரா ஹை ஸ்பீடு'. பொன்முலாம் பூசிய முனையைக் காட்டி விலையேற்றுவாரும் உளர். பொன்முலாம் துருவைத் தடுக்குமேயன்றி வாய்க்காலை அகலமாக்காது. மடிக்கணினியின் யுஎஸ்பி-சி வாயிலிற் பூட்டும் மலிவான இணைப்புப் பெட்டிகளுட் பல, 4கே படத்தை 30-க்கு மேல் விடுவதில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

அன்று யாம் கணினியின் பின்புறத்தைத் துணிகொண்டு துடைத்துப் பார்த்தோம். பத்தாண்டுக்கு முந்திய வரைகலை அட்டை, எச்டிஎம்ஐ 1.4 வாயில். அதனருகே தூசியடைந்து, ஒருநாளும் வடம் காணாத டிஸ்பிளேபோர்ட் வாயிலொன்றும் இருந்தது. 2010-இல் வந்த 1.2 வகை அது. சரக்காக மட்டுமே 1,728 கோடி பிட்டுகள் கொள்ளும். புதிய திரையிலும் அவ்வாயில் உண்டு. சேலம் சென்று சில நூறு ரூபாய்க்கு அதற்குரிய வடமொன்று வாங்கிவந்தோம். பூட்டிய பின்னர், திரையமைப்பில் 60 ஹெர்ட்ஸ் என்பதையும் நிறம் ஆர்ஜிபி என்பதையும் தேர்ந்தோம்.

சிவப்பு சிவப்பாகவும் பச்சை பச்சையாகவும் பிரிந்து நின்றன. பெரியவர் முதலில் மூலக் கோப்பைத் திறந்து பார்த்தார். பிறகு தாம் திருத்தியதைத் திறந்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. "நல்லாத்தான் இருந்துதுங்க தம்பி, நானேதான் கெடுத்துப்போட்டேன்" என்று கூறி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கரையின் முதல் நூலிலிருந்து மீண்டும் தொடங்கினார்.