உங்களுக்குத் தெரியுமா? தானே நின்றுவிடும் இரத்த வாந்தியும் ஆபத்தானது

நெஞ்சுப் பெருநாடியில் ஸ்டென்ட் வைத்தவருக்கு, பல மாதங்கள் கழித்தும் பெருநாடிக்கும் உணவுக்குழாய்க்கும் இடையே துளை விழலாம். முதலில் சிறிதளவு இரத்த வாந்தி வந்து தானே நிற்கும். சில மணி நேரத்திலோ சில நாளிலோ உயிரைப் பறிக்கும் இரத்தப்பெருக்கு வரும்.

• இந்த வரிசையை 1914இல் விவரித்தவர் நோயியல் நிபுணர் கியாரி.

• இன்னொரு ஸ்டென்ட் இரத்தப்போக்கை நிறுத்தும், ஆனால் அவ்விடத்தில் உள்ள கிருமித்தொற்றை நீக்காது.

• முழுத் தீர்வு பெரிய சத்திரசிகிச்சை: தொற்றிய ஸ்டென்ட்டை எடுத்து மாற்றுக் குழாய் பொருத்துவர், பழுதான உணவுக்குழாயை அகற்றுவர், வயிற்றின் கொழுப்புத் திரையால் அவ்விடத்தைப் போர்த்துவர். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து நீண்டகாலம் தொடரும்.

• ஸ்டென்ட் வைத்தவருக்குக் காய்ச்சல், விழுங்கச் சிரமம் என்றால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். இரத்த வாந்தி என்றால், இலங்கையில் 1990 சுவசெரிய அம்புலன்சை இலவசமாக அழைக்கலாம்.