வாயு காட்டும் கருவியை எங்கே மாட்டுவது?

ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அமோனியாவின் நெடி புதிதன்று. மரத்துப் பால் உறைந்துவிடாதிருக்க அதனைச் சேர்ப்பது வழக்கம். நெடி மிஞ்சினால் கண் கரிக்கும். ஆட்கள் வெளியே வந்துவிடுவர். அங்கே மூக்கே காவற்காரன். ஆனால் எல்லா வாயுவுக்கும் இக்காவல் உதவாது.

மலாக்காவில் சுங்கை ஊடாங்கை அடுத்த தங்கா பத்துவில் 1994-ஆம் ஆண்டு முதல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்கி வருகிறது. இத்தகைய ஆலைகளில் எண்ணெயிலுள்ள கந்தகத்தை அகற்றுங்கால் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. சிறிதளவில் அது அழுகிய முட்டைபோல் நாறும். காற்றில் பத்து லட்சம் பங்கில் 100 பங்கை எட்டினாலோ, சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போயிற்று என்று எண்ணுபவன் ஆபத்தின் நடுவே நிற்கிறான். ஆகவே வாயு காட்டும் கருவி இன்றியமையாததாகிறது.

கருவியை வாங்கி மாட்டினால் மட்டும் போதுமா? போதாது. வாயு வந்து சேரும் இடத்தில் அது இருத்தல் வேண்டும். முதற்கணக்கு எடை. காற்றின் சராசரி மூலக்கூறு எடை ஏறத்தாழ 29. மீத்தேன் 16, அமோனியா 17. இவை மேலெழுபவை; கருவியைக் கசிவிடத்துக்கு மேலே, கூரையடியில் வைப்பர். ஹைட்ரஜன் சல்பைடு 34, புரோப்பேன் 44. இவை தாழ்ந்து பள்ளங்களிலும் வடிகால்களிலும் தேங்கக்கூடியவை. தரைக்கு மேல் ஓரடி, ஒன்றரையடி உயரத்தில் மாட்டுவர். அதற்கும் கீழே வைத்தால் மழைநீரும் சேறும் கருவியைக் கெடுத்துவிடும். நச்சு வாயுவாயின், ஆட்கள் மூச்சுவிடும் உயரத்தையும் கருதுவர்.

எடைக் கணக்கை மட்டும் நம்பலாகாது. அழுத்தத்தில் திரவமாக அடைக்கப்பட்ட அமோனியா சீறி வெளிவருங்கால் குளிர்ந்து, பனிமூட்டம்போல் தரையோடு பரவக்கூடும். 2023 டிசம்பர் 26 இரவு சென்னையை அடுத்த எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம் முதலிய ஊர்களின் மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. ஏட்டின்படி மேலே போகவேண்டிய வாயு, குடியிருப்பைத் தேடி வந்துவிட்டது!

காற்றின் திசையும் முக்கியம். கடலோரத்தில் பகலில் கடற்காற்றும் இரவில் நிலக்காற்றும் வீசும். ஒரு பக்கத்தில் மட்டும் கருவி வைத்தால் பாதி நாள் அது குருடாக இருக்கும். ஆதலால் கசியக்கூடிய பம்புகள், வால்வுகள், குழாய் மூட்டுகள் ஆகியவற்றின் அருகிலும், ஆட்கள் இருக்கும் அறைக்குள் காற்று புகும் வாயிலிலும் கருவிகளை அமைப்பர். ஏணி வைத்தும் எட்டாத இடத்தில் மாட்டிய கருவியைச் சோதிப்பார் இலர். சோதிக்காத கருவி இல்லாத கருவியே.

போபாலில் 1984 டிசம்பர் 2 இரவு பெருங்கேடு நேருமுன், சிறு கசிவுகளைத் தொழிலாளர் தம் கண்ணெரிச்சலைக் கொண்டே அறிந்து வந்தனர். ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மனிதன் கண்ணும் மூக்கும் எச்சரிக்கை மணியாக இருத்தல் தகாது. 29 என்னும் எண்ணை வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர், அதனோடு இதனையும் சேர்த்துச் சொல்லுவாராக. நாளை ஆலைக்குப் போகும் பிள்ளைக்கு அது உயிர்க்கல்வி.