5 வாட்டை 50 வாட் ஆக்கலாம்!

அந்தக் காலத்தில் வீடுதோறும் இரவு முழுவதும் எரிந்த "ஜீரோ வாட்" பல்பு நினைவிருக்கிறதா? பெயர்தான் ஜீரோ. உண்மையில் அது 15 வாட் வரை மின்சாரம் தின்றது.

அதில் மூன்றில் ஒரு பங்கு சக்தி போதும். படாளத்தில் இருப்பவர் மதுரையில் இருப்பவருடன் பேசிவிடலாம்!

டெலிபோன் வேண்டாம். செல்போன் கோபுரம் வேண்டாம். மொட்டை மாடியில் ஒரு செம்புக் கம்பி. மேசை மேல் ஒரு சிறு பெட்டி. 12 வோல்ட் பாட்டரி. அவ்வளவுதான்.

இப்படிப் பேசுகிறவர்களுக்கு "ஹாம்" என்று பெயர். தமிழில் சொன்னால், பொழுதுபோக்கு ரேடியோக்காரர்கள். இவர்கள் காசுக்காகப் பேசுவதில்லை. பாட்டுப் போடுவதில்லை. பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு பேசுகிறார்கள். மறைந்த பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான். அவருடைய அழைப்புப் பெயர் "வி.யு.2 ஆர்.ஜி."

இந்தப் பெட்டியை வாங்கியவர்களுக்குச் சில மாதத்தில் ஓர் ஆசை வரும். "5 வாட்டில் மதுரை கிடைக்கிறது. 50 வாட் இருந்தால்?"

அந்த ஆசைக்குப் பதில்தான் ஆம்ப்ளிபயர் கிட். பாகங்களாக வரும். நாமே பூட்டிக்கொள்ள வேண்டும்.

இது மைக் செட் அல்ல

ஆம்ப்ளிபயர் என்றதும் ஆடி மாதத்துக் கூழ் வார்க்கும் விழாவும், மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரும் கண் முன் வரும். இது அது அல்ல.

மைக் செட்டில் உள்ள ஆம்ப்ளிபயர் சத்தத்தைப் பெருக்குகிறது. ரேடியோ ஆம்ப்ளிபயர், ஏரியலுக்குப் போகும் மின் அலையைப் பெருக்குகிறது. அது வேலை செய்யும்போது வீட்டில் ஒரு சத்தமும் கேட்காது. ஆனால் அடுத்த மாவட்டத்தில் கேட்கும்.

சென்னையில் இந்தக் கதைக்கு வயது நூறு தாண்டிவிட்டது. 1924-ம் ஆண்டு மே மாதம் 16-ந் தேதி, சி. வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவரின் முயற்சியால் "சென்னை மாகாண ரேடியோ கிளப்" தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 31-ந் தேதி ஒலிபரப்பும் ஆரம்பமாயிற்று. அப்போது கருவியின் சக்தி 40 வாட். பிறகு அவர்களுக்கும் ஆசை வளர்ந்தது. 200 வாட் கருவி வந்தது. பணம்தான் வரவில்லை. 1927-ல் கிளப் ஒலிபரப்பை நிறுத்திவிட்டது. சென்னை மாநகராட்சி அந்த வேலையை ஏற்று, 1930 ஏப்ரல் 1 முதல் நடத்தியது.

வாட் ஏறினால் செலவும் ஏறும் என்பது அன்றைக்கே தெரிந்த சங்கதி.

பத்து மடங்கு சக்தி, பத்து மடங்கு தூரமா?

இல்லை! இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

ரேடியோவில் ஒரு சிறு முள் இருக்கும். எதிரில் இருப்பவரின் அலை எவ்வளவு பலமாக வருகிறது என்று அது காட்டும். அந்த முள் ஒரு கோடு மேலே ஏற, சக்தி நான்கு மடங்கு ஆக வேண்டும். 5 வாட்டை 50 வாட் ஆக்கினால் முள் ஒன்றரைக் கோட்டுக்குச் சற்று மேல் நகரும். 50 வாட்டை 100 வாட் ஆக்கினால்? அரைக் கோடு! அந்த அரைக் கோட்டுக்காகத்தான் சிலர் இரண்டு மடங்கு பணம் கொட்டுகிறார்கள்.

இன்னொன்று. ஆம்ப்ளிபயர் நம் பேச்சைத்தான் பெரிதாக்கும். எதிரில் இருப்பவர் பேசுவதை நாம் கேட்பதற்கு அது உதவாது. நல்ல ஏரியலோ இரண்டுக்கும் உதவும்.

ஆகவே முதல் செலவு ஏரியலுக்கு.

படாளத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டிலிருந்து மதுராந்தகம் போகும் வழியில், பாலாற்றைத் தாண்டினால் இந்த ஊர். வேடந்தாங்கல் பறவைகளைப் பார்க்கப் போகிறவர்கள் இங்கே திரும்புவார்கள். சுற்றிலும் வயல், ஏரி, தென்னை. சென்னையில் அடுக்கு மாடியில் குடியிருப்பவர் ஏங்கும் இடவசதி இங்கே இருக்கிறது.

இந்திய ஹாம்கள் அதிகம் பேசும் இடம் 40 மீட்டர் அலை. அதாவது 7 மெகாஹெர்ட்ஸ். அதற்கு இரு பக்கமும் 33 அடி வீதம், மொத்தம் 66 அடி கம்பி வேண்டும். நடுவில் ஒரு கம்பத்தை நட்டு, 30 அடி உயரத்தில் கட்டி, இரு முனைகளையும் சரிவாக இறக்கிவிடலாம். கூரைக்கு மேல் ஐந்தடியில் தொங்கிய கம்பியை முப்பதடிக்கு ஏற்றினாலே, ஆம்ப்ளிபயர் வாங்கின மாதிரி ஆகிவிடும்.

கம்பியிலிருந்து கிளம்பும் அலை நேரே வானத்துக்குப் போய், மேலே உள்ள மின்னேற்ற அடுக்கில் மோதித் திரும்பி, தமிழ்நாடு முழுவதும் மழை மாதிரி இறங்கும். பகலில் இது நன்றாக நடக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஏரியல் அறுந்து விழுந்தாலும் தெருவில் போகும் மின்சாரக் கம்பியைத் தொடாத இடமாகப் பாருங்கள்.

எந்தக் கிட் வாங்குவது?

ஏரியல் கட்டியும் போதவில்லை. சரி, இப்போது கிட்டைப் பார்ப்போம்.

கடைக்குப் போகுமுன் லைசென்ஸ் காகிதத்தை எடுத்துப் படியுங்கள். நம் நாட்டில் இரண்டு வகுப்பு உண்டு. சிறிய வகுப்புக்கு 50 வாட் வரம்பு. மோர்ஸ் தந்திப் பரீட்சை கிடையாது. பெரிய வகுப்புக்கு 400 வாட். பன்னிரண்டு வயது நிரம்பிய பிள்ளைகளே பரீட்சை எழுதலாம். வரம்பு எந்த இடத்தில் அளக்கப்படுகிறது, உள்ளே போகும் மின்சாரத்திலா, வெளியே வரும் அலையிலா என்பதையும் விதியில் பார்த்துக்கொள்ளுங்கள். 50 வாட் வெளியே வர, ஏறக்குறைய 100 வாட் உள்ளே போகிறது! லைசென்ஸே இல்லாமல் ஒலிபரப்பினால் அது குற்றம்.

அடுத்து, நீங்கள் பேசப் போகிறீர்களா, தந்தி அடிக்கப் போகிறீர்களா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் வாங்கியவர்கள் தலையில் கை வைத்துக்கொள்கிறார்கள். சில கிட்டுகள் மோர்ஸ் தந்திக்கு மட்டுமே ஆனவை. "கிளாஸ் சி" என்று போட்டிருக்கும். கியூ.ஆர்.பி. லாப்ஸ் என்ற நிறுவனம் வெளியிட்ட 50 வாட் கிட் அந்த ரகம். தந்திக்கு அருமையான சாமான். அதில் பேசினால் குரல் உடைந்து, பக்கத்து அலையில் பேசுகிறவர்களையும் கெடுக்கும். பேசுவதற்கு "லீனியர்" என்று எழுதியிருக்க வேண்டும்.

நம் கையில் உள்ள சிறு ரேடியோவுக்கும் அது பொருந்த வேண்டும். ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் பர்ஹான் என்ற ஹாம் வடிவமைத்த "பிட்எக்ஸ்" ரேடியோ உலகப் புகழ் பெற்றது. முதலில் வந்ததில், சுருள் சுற்றுவதற்குக் குழாய்க்குப் போடும் நைலான் வாஷரையே அவர் பயன்படுத்தினார்! இத்தகைய ரேடியோக்கள் 5 முதல் 10 வாட் வரை கொடுக்கும். 2 வாட் மட்டுமே தாங்கும் ஆம்ப்ளிபயரில் 10 வாட்டைச் செலுத்தினால் என்ன ஆகும்? டிரான்சிஸ்டர் போய்விடும்.

கடைசியாக, வடிகட்டி. ஆங்கிலத்தில் "லோ பாஸ் பில்டர்" என்பார்கள். ஆம்ப்ளிபயர் 7 மெகாஹெர்ட்ஸைப் பெருக்கும்போது 14, 21, 28 என்று வேண்டாத குட்டிகளையும் போடும். அவற்றை வடிகட்டாமல் வெளியே விட்டால் மற்றவர்களின் ரேடியோவில் கரகர! வடிகட்டி இல்லாமல் மலிவாக விற்கும் கிட்டுகள் நிறைய உண்டு. அவற்றை வாங்கினால் வடிகட்டியையும் தனியாக வாங்கியே தீர வேண்டும்.

பழைய வால்வு ஆம்ப்ளிபயர் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், புதிதாகத் தொடங்குகிறவர்கள் தொடவே வேண்டாம். அதற்குள் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடும். ஸ்விட்ச்சை அணைத்த பிறகும் மின்சாரம் உள்ளே தேங்கி நிற்கும். ஆளைக் கொல்லும். டிரான்சிஸ்டர் கிட் 12 அல்லது 20 வோல்ட்டில் ஓடுகிறது.

பூட்டும் விதம்

முதல் நாள் சாலிடர் இரும்பைத் தொடாதீர்கள். பாகங்களை ஒரு தட்டில் கொட்டி, பட்டியலைப் பார்த்து எண்ணுங்கள். வீட்டுப் பிள்ளைகளைக் கூட உட்கார வைத்துக்கொள்ளலாம். சிறு எழுத்து அவர்கள் கண்ணுக்குத்தான் தெரியும்!

பொறுமை வேண்டிய வேலை சுருள் சுற்றுவது. வடை போன்ற வளையத்தில் செம்புக் கம்பியைச் சுற்ற வேண்டும். வளையத்தின் ஓட்டைக்குள் கம்பி ஒரு முறை நுழைந்தாலே ஒரு சுற்று. இதைத் தெரியாமல் வெளிப்பக்கம் எண்ணி, ஒரு சுற்று கூட்டிச் சுற்றிவிடுவார்கள். கம்பியின் மேல் பூச்சு இருக்கும். முனைகளைச் சுரண்டி, செம்பு பளபளத்த பிறகே சாலிடர் வைக்க வேண்டும்.

இந்தக் கிட்டுகளில் பலவற்றில் "ஐ.ஆர்.எப். 510" என்ற டிரான்சிஸ்டர் இருக்கிறது. அது ரேடியோவுக்காகச் செய்ததே அல்ல. ஸ்விட்ச் வேலைக்குச் செய்தது. மலிவாக இருக்கிறதே என்று ஹாம்கள் பிடித்துக்கொண்டார்கள். அதன் முதுகுத் தகட்டிலும் மின்சாரம் ஓடும். ஆகையால் சூடு வாங்கும் அலுமினியக் கட்டையில் திருகும்போது, நடுவில் மெல்லிய மைக்காத் தகடு போட்டே ஆக வேண்டும்.

கல்லூரியில் படித்த நாளில் நான் ஒரு கிட் பூட்டினேன். எல்லாம் சரி. மைக்காவை மட்டும் மறந்துவிட்டேன். ஸ்விட்ச்சைப் போட்டதும் "டப்" என்று ஒரு சத்தம். அந்த மாதம் சினிமா கிடையாது.

மின்சாரம் கொடுக்கும் சாதனமும் திடமாக இருக்க வேண்டும். 12 வோல்ட் கிட் 50 வாட் கொடுக்க, 7 அல்லது 8 ஆம்பியர் இழுக்கும். தடித்த ஒயரும் பியூசும் போடுங்கள். புயல் நாளில் கார் பாட்டரியும் கைகொடுக்கும்.

உடனே ஏரியலில் இணைத்துவிடாதீர்கள்! முதலில் போலி ஏரியல். 1000 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் இருபதை ஒன்றாகச் சேர்த்துக் கட்டினால் 50 ஓம் ஆகிவிடும். கம்பி சுற்றிய ரகம் கூடாது. கார்பன் அல்லது மெட்டல் பிலிம் ரகமாக இருக்கட்டும். ஆம்ப்ளிபயரின் வெளிமுனையில் இதை மாட்டி, பேச்சுக் கொடுக்காமல், டிரான்சிஸ்டர் சும்மா இருக்கும்போது இழுக்கும் மின்சாரத்தைத் திருகாணியால் சிறிது சிறிதாகச் சரிசெய்ய வேண்டும். எவ்வளவு என்று கிட்டுடன் வரும் புத்தகம் சொல்லும். பிறகு சில விநாடிகள் மட்டும் சக்தி கொடுத்துப் பார்க்கலாம். கட்டை கை பொறுக்காத சூடானால் நிறுத்துங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால்தான் ஏரியல். ஒலிபரப்பும்போது ஏரியல் கம்பியை யாரும் தொடக்கூடாது. 50 வாட் அலை விரலைச் சுட்டுவிடும். பிள்ளைகள் துணி உலர்த்தும் கொடிக்கு எட்டாத உயரம் வேண்டும்.

சுனாமி வந்த நாள்

2004 டிசம்பர் 26. மாமல்லபுரம் முதல் கல்பாக்கம் வரை கடல் பொங்கிக் கரையேறிய அதே காலையில், அந்தமான் தீவுகளில் டெலிபோன் செத்துவிட்டது. பாரதி பிரசாத் என்ற பெண் ஹாம் தமது குழுவுடன் அப்போது போர்ட் பிளேரில் இருந்தார். ரேடியோ பொழுதுபோக்குக்காகப் போனவர்கள். அன்று முதல் அவர்களுடைய ரேடியோதான் தீவுக்கும் தாய்நாட்டுக்கும் இடையே செய்தி சுமந்தது. உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று தவித்த குடும்பங்களுக்கு அந்தக் குரல்தான் பதில் சொன்னது.

அப்படி ஒரு நாளில் ஒன்றரைக் கோடு கூடுதல் பலம், இரைச்சலுக்கு மேலே ஒரு பெயரையும் ஊரையும் தெளிவாகக் கேட்க வைக்கும். அதற்குத்தான் இந்த 50 வாட்.

மற்ற நாட்களில்? முதலில் ஆம்ப்ளிபயரை அணைத்து வைத்துக்கொண்டே கூப்பிடுங்கள். "நன்றாகக் கேட்கிறது" என்று திருச்சிக்காரர் சொல்லிவிட்டால் அதைப் போட வேண்டியதில்லை. பாட்டரியும் மிஞ்சும்.

ஐப்பசியில் மதுராந்தகம் பக்கம் இடி உறுமத் தொடங்கினால், பேச்சைப் பாதியில் விட்டாலும் பரவாயில்லை. ஏரியல் பிளக்கைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.