நாவலில் கங்கா, திரையில் கங்கா

நாவலைப் படித்தபின் அதன் படத்தைப் பார்ப்பவர்கள், "புத்தகம் மாதிரி வரவில்லை" என்று சொல்வது வழக்கம். இது எப்போதும் சரிதானா? ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலையும் அதே பெயரில் 1977 இல் வெளிவந்த படத்தையும் வைத்து இதைப் பார்க்க விரும்புகின்றேன். அது பேசும் விடயம் எமது பெண்களுக்குப் புதியதல்ல.

இதற்கு மூலம் ஒரு சிறுகதை. 1966 இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்'. மழையில் பஸ்ஸுக்காக நின்ற கல்லூரி மாணவி, முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறி, அவனது இச்சைக்கு ஆளாகி வீடு திரும்புகிறாள். தாய் முதலில் அடிக்கிறாள். அயலார் சத்தம் கேட்டு விசாரிக்க, மழையில் நனைந்து வந்ததற்காக ஏசுவதாகச் சமாளிக்கிறாள். பின்னர் மகளின் தலையில் தண்ணீர் வார்த்து, நீ சுத்தமானவள் என்கிறாள். தாய் எப்படி மன்னிக்கலாம் என்று கதைக்குப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. (மன்னிப்பு என்ற சொல்லே எனக்கு உடன்பாடில்லை. குற்றம் செய்தவள் அவளல்லவே.)

அந்தத் தாய் அப்படி நடந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் நாவல். தாய் ஓலமிடுகிறாள், தெரு அறிகிறது, தமையன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். மாமன் படிக்க வைக்கிறார். அவரே கங்காவைத் தவறான கண்ணோடு பார்க்கவும் செய்கிறார். கங்கா படித்து உத்தியோகம் பார்க்கிறாள். ஆனாலும் அந்த ஒரு மாலையைக் கொண்டே எல்லோரும் அவளை அளக்கிறார்கள். இந்நாவலுக்கு 1972 இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது.

படத்தை இயக்கியவர் ஏ. பீம்சிங். திரைக்கதையை ஜெயகாந்தனே எழுதினார். எனவே வேறு யாரோ கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்ல வழியில்லை. இருந்தும் வேறுபாடு உண்டு. நாவலின் பெரும்பகுதியை கங்காவே சொல்கிறாள். மாமன் வீட்டில் அவளுக்குள்ள பயம், அருவருப்பு, வெளியே காட்டமுடியாத கோபம், இடையிடையே வரும் நக்கல் எல்லாம் அவளது வார்த்தைகளாகவே எம்மை வந்தடைகின்றன. கமராவோ வெளியில் நின்று பார்க்கிறது. ஊரும் ஒரு பெண்ணை அப்படித்தானே பார்க்கிறது! மாமன் வரும் இடங்களில் படம் நாவலுக்குக் கீழேதான் நிற்கிறது என்பது என் கருத்து.

ஆனால் லட்சுமி இருக்கிறார். கங்காவாக நடித்ததற்கு இந்தியாவின் தேசிய விருது பெற்றவர். கங்கா பேசாமல் இருக்கும் இடங்களில் அவரது முகத்தைப் பாருங்கள். பல வருடங்களுக்குப் பின் அந்தப் பிரபுவைத் தேடிக் கண்டுபிடித்து, அவனோடு பழகும் காட்சிகளில், வெறுப்பா பரிவா என்று பிரிக்கமுடியாத ஒன்று அந்தக் கண்களில் தெரிகிறது. நாவல் பக்கம் பக்கமாகச் சொல்வது அங்கே ஒரு பார்வையில் வந்துவிடுகிறது. அந்த இடங்களில் படம் நாவலுக்குச் சமம்.

வேறொன்றும் உண்டு. நாவலைத் தனியே இருந்துதான் படிக்கவேண்டும். வேலை, சமையல், பிள்ளைகளின் பாடம் என்று ஓடுபவர்களுக்கு அது எளிதல்ல. படத்தைக் கூடியிருந்து பார்க்கலாம். நான் பணிபுரியும் கிராமமொன்றில் பெண்கள் குழுவினருக்கு இதைப் போட்டுக் காட்டினோம். முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு வயதான ஒரு அம்மா, "தாய்க்காரி கத்தினபடியால்தானே ஊருக்குத் தெரிஞ்சது. இல்லாட்டி பிள்ளை தன்ர பாட்டில படிச்சிருக்கும்" என்றார். பின்னால் இருந்த இளம் பெண் விடவில்லை. "தாயை மட்டும் சொல்லி என்னம்மா? பிள்ளையைத் துரத்தினவை. அந்தக் காரில வந்தவனை ஆராவது தேடினவையே?"

அதற்குப் பிறகு படத்தைப் பற்றிப் பேச்சில்லை. தங்கள் தங்கள் ஊர்க் கதைகளைத்தான் பேசினார்கள். இருட்டும்வரை எழும்பவில்லை.

நூலகத்தில் கிடைத்தால் முதலில் அந்தச் சிறுகதையைப் படியுங்கள், சிறியதுதான். பிறகு படம், பிறகு நாவல். கங்காவின் கதை அத்துடன் முடியவில்லை. 'கங்கை எங்கே போகிறாள்' என்று இன்னொரு நாவலும் ஜெயகாந்தன் எழுதியிருக்கிறார்.