முதலில் அமைதி, அப்புறம் புத்திமதி

"வேளாவேளைக்குச் சோறு போடுறோம், கேட்டதை வாங்கிக் கொடுக்கிறோம். அப்புறமும் ஏன் டாக்டர் இப்படிப் பண்றான்?" பள்ளியிலோ மருத்துவமனையிலோ பெற்றோருக்காக நடக்கும் ஆலோசனைக் கூட்டங்களில் இந்தக் கேள்வி எழாமல் இருப்பது அரிது. பெற்றவர்கள் மட்டும் கேட்பதில்லை. தாய் தகப்பனை இழந்த பேரனை வளர்க்கும் பாட்டி, அக்கா மகளைத் தன் வீட்டில் வைத்திருக்கும் சித்தி, அரசின் வழியாக ஒரு பிள்ளையை ஏற்று வளர்க்கும் தம்பதி என எல்லோருக்கும் இதே தவிப்புதான்.

நிபுணர்கள் தரும் பதில்களுக்கு ஒரு வரிசை உண்டு. குழந்தை முதலில் அமைதியடைய வேண்டும். அடுத்து, நம்மோடு ஒட்ட வேண்டும். புத்திமதி மூன்றாவதுதான். அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர் புரூஸ் பெரி வலியுறுத்தும் வரிசை இது. நம்மில் பலர் மூன்றாவதிலிருந்து தொடங்கிவிடுகிறோம்.

ஒட்டுதல் ஏன் முக்கியம்?

ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000-களின் தொடக்கத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. காப்பகங்களில் இருந்த 136 சின்னஞ்சிறு குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர், பயிற்சியும் ஆதரவும் பெற்ற வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். காப்பகத்திலேயே தொடர்ந்தவர்களைவிட இவர்களுடைய அறிவுத்திறனும் பேச்சும் பெரியவர்களிடம் ஒட்டும் தன்மையும் மேம்பட்டன. ஏறத்தாழ 2 வயதுக்குள் குடும்பத்துக்கு வந்தவர்களிடம் பலன் கூடுதலாக இருந்தது.

உணவும் கூரையும் மட்டும் போதாது. அழுதால் வந்து தூக்கும் ஒரே ஆள், நாள் தவறாமல் தேவை. அதற்காக, தாமதமாக வந்த பிள்ளைக்கு வழியே இல்லை என்று பொருளல்ல. அவர்களுக்குக் கூடுதல் காலமும் பொறுமையும் வேண்டியிருக்கும், அவ்வளவே.

தலையணைக்கு அடியில் பிஸ்கட்

பசியையோ புறக்கணிப்பையோ கண்ட பிள்ளை, சாப்பாடு நிறைய இருக்கும் வீட்டிலும் பிஸ்கட்டை ஒளித்து வைக்கும். இதைத் திருட்டு என்று பார்த்து அலமாரியைப் பூட்டினால், 'இங்கேயும் கிடைக்காது' என்ற பயம் உறுதியாகிவிடும். ஒரு டப்பாவில் சுண்டலோ பழமோ போட்டு, 'இது உனக்கு, எப்ப வேணாலும் எடுத்துக்கோ' என்று கைக்கெட்டும் இடத்தில் வைப்பது பலன் தரும்.

கையும் களவுமாகப் பிடிபட்ட பிறகும் பொய் சொல்வது, புதியவர்கள் யாரிடமும் தயங்காமல் ஒட்டிக்கொள்வது, அன்பு காட்டுபவரையே தள்ளிவிடுவது ஆகியவற்றுக்கும் இப்படிப் பழைய காரணம் இருக்கக்கூடும். அடி வாங்கிய வீட்டில் பொய்தான் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கும். காரணம் தெரிந்தால் நம் கோபம் பாதி குறையும்.

கத்தும் நேரத்தில் பாடம் வேண்டாம்

பயமோ ஆத்திரமோ உச்சத்தில் இருக்கும்போது மூளையின் ஆபத்து உணரும் பகுதி முந்திக்கொள்கிறது. யோசித்து முடிவெடுக்கும் முன்பகுதி பின்தங்குகிறது. அப்போது நியாயம் பேசுவது வீண். குரலைத் தாழ்த்துங்கள். நின்றுகொண்டு அதட்டாமல் பக்கத்தில் உட்காருங்கள். தண்ணீர் கொடுங்கள். தொட்டால் மிரளும் பிள்ளையைத் தொடாதீர்கள்.

இது செல்லம் கொடுப்பதல்ல. அமைதியான பிறகு, "உனக்குக் கோபம் வந்தது புரியுது. ஆனா தம்பியை அடிக்கக் கூடாது. அடுத்த தடவை என்ன பண்ணலாம்?" என்று கேட்க வேண்டும். விதி அப்படியே நிற்கும்; அதைச் சொல்லும் நேரம்தான் மாறுகிறது.

பதின்ம வயது இன்னும் சிக்கல்

மூளையின் முன்பகுதி முழுமையாக முதிர 25 வயது ஆகலாம். உணர்ச்சி வேகமோ 13, 14 வயதிலேயே வந்துவிடுகிறது. பருவமடையும்போது தூக்கம் வரும் நேரமும் தள்ளிப்போகிறது. 13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. விடியற்காலை டியூஷனும் நள்ளிரவு செல்போனும் அதைத் தின்றுவிடுகின்றன. போனை இரவில் கூடத்தில் வைக்கும் வழக்கம் அப்பா அம்மாவுக்கும் சேர்த்து இருந்தால்தான் எடுபடும்.

பிறர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு இந்த வயதில் இன்னொரு கேள்வியும் வரும்: "என்னை ஏன் விட்டுட்டுப் போனாங்க?" பெற்றவர்களைப் பழித்தால், அந்தப் பழி தன் மீதும் விழுவதாகவே பிள்ளை எடுத்துக்கொள்ளும். வயதுக்கு ஏற்ற அளவில் உண்மையைச் சொல்லுங்கள். ஊரார் வாயிலிருந்து தெரிவதற்கு முன் உங்களிடமிருந்து தெரியட்டும்.

எப்போது உதவி தேடுவது?

10 முதல் 19 வயதுள்ளவர்களில் 7 பேரில் ஒருவருக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தூக்கமோ பசியோ வாரக்கணக்கில் குலைவது, பள்ளிக்குப் போக மறுப்பது, நண்பர்களை ஒதுக்குவது, உடம்பைத் தானே காயப்படுத்திக்கொள்வது ஆகியவை தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். உயிரை விடுவதாகச் சொன்னால், 'சும்மா மிரட்டுறா' என்று விடாமல், தனியே விடாமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098 ஆகிய இலவச எண்கள் உள்ளன.

வளர்ப்பவருக்கும் துணை வேண்டும்

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தைகள் நலக் குழுவின் ஆணை பெற்று, ஒரு பிள்ளையைக் குறிப்பிட்ட காலத்துக்குக் குடும்பத்தில் வைத்து வளர்க்கலாம். இது தத்தெடுப்பு அல்ல. விவரங்களுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம். ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவியும் உண்டு. பிள்ளை வீட்டுக்கு வரும் முன்பே அதன் உடல்நலம், பள்ளி, பழக்கங்கள், பயங்கள் பற்றிக் கேட்டு வாங்குங்கள்.

வளர்ப்பவர் தளர்ந்தால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. பாட்டிக்கு வாரத்தில் ஒரு பொழுதாவது ஓய்வு கிடைக்க உறவினர்கள் முறைவைத்து உதவ வேண்டும். ஆலோசனைக் கூட்டத்துக்கு அம்மாவை மட்டும் அனுப்பாமல் அப்பாவும், முடிந்தால் தாத்தா பாட்டியும் சேர்ந்து போக வேண்டும். ஒருவர் அமைதிப்படுத்திக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் பிரம்பைத் தேடினால், எவரை நம்புவது என்று பிள்ளைக்குத் தெரியாது. வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் வரிசை ஒன்றாக இருக்க வேண்டும்.